பாதி நிழலில் கனகாம்பரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெயில் முழுதாக விழாத தோட்டம் என்றால் பூச்செடி ஆசையை விட்டுவிட்டு, குரோட்டன்ஸையும் மணி பிளாண்டையும் வைத்துத் திருப்தியடைந்துவிடுகிறார்கள் பலர். எனக்கு அதில் வருத்தம் உண்டு. அப்படிப்பட்ட இடத்தைத்தான் கனகாம்பரம் விரும்புகிறது. இடுப்பளவுக்கு மேல் போகாது. ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும். ஒழுங்காக வைத்தால் மாதக்கணக்கில் பூக்கும். பல ஆண்டுகளாக இதை வளர்த்து, சிலவற்றைச் சாகவும் கொடுத்திருக்கிறேன். புதிதாக வளர்ப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கனகாம்பரம் புதர்ச்செடியா, பருவத்துக்கு ஒருமுறை நட வேண்டிய செடியா?

பல்லாண்டு வாழும் சிறு புதர்ச்செடி. தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாயகம். தாவரவியலில் கிராசாண்ட்ரா இன்ஃபண்டிபுலிஃபார்மிஸ் என்று பெயர். இரண்டாம் சொல்லுக்குப் புனல் வடிவம் கொண்டது என்று பொருள். நம் மொழியில் வழங்கும் பெயரோ கனகம், அம்பரம் என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது. பொன்னாடை என்று கொள்ளலாம். ஆடாதோடையும் டிசம்பர் பூவும் இதன் குடும்பத்தைச் சேர்ந்தவை.

பெரும்பாலும் ஒன்றரை அடியிலிருந்து மூன்றடிக்குள் நின்றுவிடும். இலைகள் கரும்பச்சையாக, மினுமினுப்பாக, ஓரம் சற்றே அலைபாய்ந்து இருக்கும். இலைக்கக்கத்திலிருந்து நீண்ட காம்பு எழும்பி, அதன் தலையில் நான்கு பட்டையுள்ள பச்சைக் கதிர் ஒன்று உருவாகும். பூக்கள் அந்தக் கதிரின் அடியிலிருந்து நுனியை நோக்கி வரிசையாக விரியும். ஒவ்வொரு பூவும் ஒருபக்கமாக விரித்த விசிறி போலிருக்கும். மணம் கிடையாது. மணம் வேண்டுபவர் மல்லிகைக்குப் போக வேண்டியதுதான். ஆனால் மல்லிகை இந்த நிழலில் இப்படிப் பூக்காது.

பாதி நிழல் என்றால் சரியாக எவ்வளவு நிழல்?

கனகாம்பரம் வைத்துத் தோற்றவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் தவறியிருக்கிறார்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு நாளில் மூன்று அல்லது நான்கு மணி நேரம் நேரடி வெயில், மீதி நேரம் வெளிச்சமான நிழல்; இதுதான் கணக்கு. அந்த வெயில் காலை வெயிலாக இருப்பது மிக முக்கியம். காலை ஏழு மணி முதல் பத்தரை வரை வெயில் படும் இடமும், பகல் ஒன்றரை முதல் ஐந்து வரை வெயில் படும் இடமும் காகிதத்தில் ஒன்றுபோலத் தெரியும். செடிக்கு அவை இரண்டும் ஒன்றல்ல. காலையில் மண் குளிர்ந்திருக்கும், காற்றில் ஈரம் இருக்கும். பிற்பகலில் சுவரும் தரையும் சூடேறி, அந்த அனலும் செடியின் மேல்தான் விழும். சுவருக்குக் கிழக்கே வைத்த செடி செழித்தும், அதே சுவருக்கு மேற்கே வைத்த செடி இலை சுருண்டும் நிற்பதை ஒரே வாரத்தில் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே தாய்ச்செடியின் குச்சிகள்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு விடுமுறை நாளை ஒதுக்குங்கள். காலை எட்டு மணி, பத்து மணி, நண்பகல், மாலை நான்கு மணி என்று நான்கு முறை போய், வெயில் எங்கே விழுகிறது என்று தரையில் ஒரு கல்லை வைத்துக் குறியுங்கள். அதோடு நிழலின் தரத்தையும் பாருங்கள். தரைக்கு ஓரடி மேலே கையை நீட்டினால் விரல்களின் நிழல் மங்கலாகவாவது பிரிந்து தெரிய வேண்டும். கையின் நிழலே விழாத இடத்தில் கனகாம்பரம் சாகாது, ஆனால் பூக்கவும் செய்யாது.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். சூரியன் ஆண்டின் ஒரு பாதியில் வடக்கே சாய்ந்தும், மறுபாதியில் தெற்கே சாய்ந்தும் போகிறது. ஒரு பருவத்தில் நிழலாக இருந்த மூலையில் ஆறு மாதம் கழித்து வெயில் கொளுத்தலாம். முடிந்தால் முதல் ஆண்டு தொட்டியிலேயே வைத்து, அந்த இடத்தில் ஒரு சுற்று பார்த்துவிட்டுத் தரையில் இறக்குங்கள். பொறுமை வேண்டும், உண்மைதான். ஆனால் வேரூன்றிய செடியைத் தோண்டி மாற்றும் துயரம் மிச்சமாகும்.

முழு வெயிலில் வைத்தால் என்ன ஆகும்?

நீர் குறையாமல் கொடுத்தால் பூக்கும். வயலில் திறந்த வெயிலிலேயே பயிரிடுகிறார்கள். ஆனால் இலை வெளிறும், ஓரம் கருகும், பூவின் நிறமும் சீக்கிரம் மங்கும். வீட்டுத் தோட்டத்தில் அதற்குத் தேவையில்லை.

மரத்தடியில் வைக்கலாமா?

எந்த மரம் என்பதைப் பொறுத்தது. முருங்கை, அகத்தி போன்ற சிற்றிலை மரங்களின் கீழ் வெயில் சல்லடையில் சலித்ததுபோல் விழும். கனகாம்பரத்துக்கு அது மிகவும் பிடிக்கும். தென்னையின் கீழும் நன்றாக வரும். மாமரத்தின் கீழும் பலாவின் கீழும் இருட்டு அதிகம்.

நிழலைவிடப் பெரிய சிக்கல் வேர். மரத்தின் உறிஞ்சும் வேர்கள் மேல்மண்ணில்தான் பரந்திருக்கின்றன. நீங்கள் ஊற்றும் நீரும் உரமும் முதலில் மரத்துக்குப் போகும், மிச்சம்தான் செடிக்கு. அடிமரத்திலிருந்து நன்றாகத் தள்ளி, கிளைகளின் வெளியோரத்தை ஒட்டி நடுங்கள். குழி தோண்டும்போது விரல் பருமனுள்ள வேர் வந்தால் அதை வெட்டாமல் குழியை நகர்த்துங்கள். வேர் மண்டிக் கிடக்கும் இடமென்றால், ஒரு பெரிய தொட்டியில் நட்டுத் தொட்டியையே மரத்தடியில் வைத்துவிடுவது நல்லது. தொட்டியை நேரடியாக மண்ணில் வைக்காமல் இரண்டு செங்கல்லின் மேல் வைக்க வேண்டும். இல்லையென்றால் அடித்துளை வழியாக மரவேர் தொட்டிக்குள் ஏறிவிடும்.

எந்த வகையை வாங்குவது?

ஆரஞ்சு நிறப் பூவுள்ள சாதாரண வகை எளிதில் கிடைக்கும், விதையும் வைக்கும். மஞ்சள் பூவுள்ள லூட்டியா, சிவந்த பூவுள்ள செபாகுலிஸ் ஆகியவையும் உண்டு. தொட்டிக்கென்றே குட்டையாக வளரும் மோனா வால்ஹெட் என்ற வகை இளஞ்சிவப்புச் சாயல் கலந்த ஆரஞ்சில் பூக்கும்.

டெல்லி கனகாம்பரம் தனிச் சிறப்புடையது. செடி அடர்த்தியாக வரும், பூ பெரிதாக, பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். இது மும்மய வகை. அதாவது இரண்டு தொகுதி நிறப்புரிகளுக்கு (குரோமோசோம்களுக்கு)ப் பதில் இதில் மூன்று தொகுதிகள் உள்ளன. அதனால் விதை பிடிக்காது. குச்சி வைத்துத்தான் பெருக்க முடியும். "டெல்லி கனகாம்பர விதை" என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். அந்தப் பொட்டலத்தில் இருப்பது வேறு வகை.

பாதி நிழலுக்கு என் முதல் தேர்வு டெல்லி வகைதான்.

செடி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பூவைப் பார்க்காதீர்கள், வேரைப் பாருங்கள். தொட்டியைச் சாய்த்து, அடியைத் தட்டி, மண்ணோடு செடியை மெல்ல வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வேர் வெண்மையாக, இழை இழையாக இருக்க வேண்டும். மணி கோத்ததுபோல் சிறு முடிச்சுகள் தெரிந்தாலோ, வேர் பழுப்பேறித் தொட்டதும் உரிந்தாலோ அந்தச் செடியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். நான் ஒருமுறை இப்படிப் பார்க்காமல் ஒரு நாற்றுப் பண்ணையிலிருந்து ஆறு செடிகள் கொண்டுவந்தேன். ஆறும் ஓர் ஆண்டுக்குள் போயின. அது மட்டுமா? அவற்றோடு வந்த நூற்புழு, அதாவது வேரைத் தாக்கும் கண்ணுக்குத் தெரியாத புழு, இன்றும் அந்தப் பாத்தியில் இருக்கிறது. அந்த இடத்தில் நான் மறுபடி கனகாம்பரம் வைத்ததே இல்லை.

மண் எப்படி இருக்க வேண்டும்?

ஈரத்தைப் பிடித்துவைக்கவும் வேண்டும், மிஞ்சிய நீரை வடித்துவிடவும் வேண்டும். கார அமில நிலை (pH) 6 முதல் 7.5 வரை இருக்கலாம். அதற்கு மேல் காரம் ஏறினால் இலை மஞ்சளாகும் தொல்லை தொடங்கிவிடும்.

தொட்டிக்கு நான் சேர்க்கும் கலவை இது: செம்மண் இரண்டு பங்கு, மட்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, ஊறவைத்துக் கழுவிய தென்னை நார்க் கழிவு ஒரு பங்கு, பருமணல் அரைப் பங்கு. ஒரு தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்குப் பொடியும் சேர்ப்பேன். நார்க் கழிவைக் கழுவாமல் போடக் கூடாது. அதில் உப்பு தங்கியிருக்கும்.

தரையில் நடுவதானால் முதலில் வடிகாலைச் சோதியுங்கள். ஓரடி ஆழத்தில் குழி எடுத்து நீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பிக் காத்திருங்கள். இரண்டாம் முறை ஊற்றிய நீர் நான்கைந்து மணி நேரத்துக்குள் போய்விட்டால் நல்லது. மறுநாளும் தேங்கி நின்றால் அங்கே குழி நடவு வேண்டாம். ஓரடி உயர மேட்டுப்பாத்தி போட்டு அதில் நடுங்கள். நிழலான இடத்தில் மண் மெதுவாகத்தான் காயும் என்பதால், வெயில் தோட்டத்தைவிட இங்கே வடிகால் முக்கியம்.

நடும் முறையும் இடைவெளியும்?

குழி வேர்க்கட்டியைவிட இருமடங்கு அகலம், அதே ஆழம். நாற்று முன்பிருந்த மண்மட்டம் மாறக் கூடாது; தண்டு மண்ணில் புதைந்தால் தூர் அழுகும். வேலிபோல் வரிசையாக வேண்டுமானால் ஓரடிக்கு ஒரு செடி, தனித்தனிப் புதராக வேண்டுமானால் ஒன்றரை முதல் இரண்டடி. நிழலில் காற்றோட்டம் குறைவு என்பதால் நெருக்கி வைக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். கூரையிலிருந்து மழைநீர் சொட்டும் கோட்டுக்கு நேர் கீழே ஒருபோதும் நடாதீர்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை நீர் விட வேண்டும்?

நாள் கணக்கு வைத்து நீர் விடுவதை நிறுத்துங்கள் என்பதே என் பதில். இரண்டு விரற்கடை ஆழத்துக்கு விரலை மண்ணில் விடுங்கள். ஈரம் ஒட்டினால் போய்விடுங்கள். உலர்ந்திருந்தால் தொட்டியின் அடித்துளை வழியாக வடியும்வரை ஊற்றுங்கள். தினமும் ஒரு குவளை என்று மேலாக ஊற்றினால் வேர் மேலேயே தங்கிவிடும், உப்பும் அங்கேயே சேரும்.

நீர் காலையில் விடுவது நல்லது. இலையின் மேல் ஊற்றாமல் தூரில் ஊற்றுங்கள். இரண்டு அங்குலத்துக்குச் சருகு மூடாக்குப் போட்டால் வேலை பாதியாகும். அந்தச் சருகு தண்டைத் தொடாமல் நான்கு விரல் தள்ளியே இருக்கட்டும்.

மண் ஈரமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் செடி வாடுகிறதே?

தயவுசெய்து மேலும் நீர் ஊற்றாதீர்கள். கனகாம்பரத்தைக் கொல்வது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் ஊற்றப்படும் நீர்தான். இலை தொங்குவதைப் பார்த்ததும் தாகம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஈர மண்ணில் வாடும் செடிக்கு நீர் போதாமல் இல்லை. நீரை உறிஞ்சும் வேர் கெட்டிருக்கிறது.

ஒரு பக்கமாக மண்ணைக் கிளறி வேரைப் பாருங்கள். மூன்று காட்சிகளில் ஒன்று தெரியும்.

வேர் பழுப்பாக, கொழகொழவென்று, தோல் கையோடு வந்தால் அது அழுகல். வடிகால் கெட்டிருக்கிறது. தொட்டிச் செடி என்றால் வெளியே எடுத்து, அழுகிய வேர்களை வெட்டி, புது மண்கலவையில் சற்றுச் சிறிய தொட்டியில் வையுங்கள். வேர் குறைந்த அளவுக்கு, மேலே உள்ள கிளைகளையும் குறைக்க வேண்டும். ஒரு வாரம் நல்ல நிழலில் இருக்கட்டும். பாதிக்குப் பாதி பிழைக்கும் என்பது என் அனுபவம்.

வேர் பார்வைக்கு ஓரளவு நன்றாக இருந்தும், தண்டின் அடியைக் கீறினால் உள்ளே பழுப்புக் கோடு ஓடினால் அது வாடல் நோய். ஃபியுசேரியம் என்ற பூசணத்தின் வேலை. அந்தச் செடியைக் காப்பாற்ற முடியாது. வேர்மண்ணோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். பக்கத்துச் செடிகளுக்கு மட்கிய எருவில் ட்ரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூசணத்தைக் கலந்து தூரைச் சுற்றி இடலாம். அது முன்காப்புக்குத்தான் பயன்படும். நோய் வந்தபின் கொடுத்தால் பலன் சொற்பம்.

வேரில் முடிச்சுகளோ கரும்பழுப்புத் தழும்புகளோ இருந்தால் நூற்புழு. கண்ணுக்குத் தெரியாத புழு இது, கனகாம்பரத்துக்குத் தீராப் பகை. செடி திடீரென்று சாகாது. வளர்ச்சி நிற்கும், இலை சிறுத்து வெளிறும், நண்பகலில் மட்டும் வாடி மாலையில் தேறும், பூங்கதிர் குட்டையாகும். உரம் போதவில்லை என்று நினைத்து நாமும் உரமாகக் கொட்டிக்கொண்டிருப்போம்.

நூற்புழுவுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் வழி, கோடையில் மண்ணை நனைத்துக் கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் நான்கு முதல் ஆறு வாரம் மூடி வெயிலில் வேகவைப்பது. நல்ல வழிதான். ஆனால் நம் இடம் பாதி நிழல். அங்கே மண் அந்த அளவு சூடேறாது. செண்டுமல்லியை ஒரு பருவம் நெருக்கமாக நட்டால் நூற்புழு குறையும், ஆனால் அதற்கும் வெயில் வேண்டும். ஆகவே நிழல் பாத்தியில் நூற்புழு புகுந்துவிட்டால், அங்கே கனகாம்பரத்தை விட்டுவிட்டுப் புதுமண் நிரப்பிய தொட்டிக்கு மாறுவதே நேர்மையான யோசனை. தொடக்கத்திலேயே நல்ல வேர் பார்த்து வாங்கச் சொன்னதும், குழியில் வேப்பம் புண்ணாக்கு போடச் சொல்வதும் இதற்காகத்தான்.

இலை மஞ்சளாகிறது. எந்த உரம் போடுவது?

எந்த இலை என்பதை முதலில் பாருங்கள்.

அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முழுதாக மஞ்சளாகி விழுந்தால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம், அல்லது நீர் தேங்குகிறது. நுனியிலுள்ள இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக வலைபோல் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை. கனகாம்பரத்தில் இது அடிக்கடி வரும். மண்ணில் இரும்பு இல்லாமல் போனதால் வருவது குறைவு. காரத்தன்மை ஏறிய மண்ணிலிருந்தும் கடின நீரிலிருந்தும் செடியால் இரும்பை எடுத்துக்கொள்ள முடியவில்லை என்பதே வழக்கமான காரணம். புதிதாகச் சுண்ணாம்புப் பூச்சோ சிமெண்ட் பூச்சோ செய்த சுவரை ஒட்டி வைத்த செடிகளில் இதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) கரைத்து, மாலை வேளையில் இலை நனையத் தெளியுங்கள். பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் மீண்டும் ஒரு முறை. புதிதாக வரும் தளிர் பச்சையாக வந்தால் கணிப்பு சரி. கீலேட் வடிவ இரும்பு, அதாவது செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவிலுள்ள இரும்பு, கிடைத்தால் கார மண்ணுக்கு அது மேலானது. நிலைத்த தீர்வு வேண்டுமானால் மட்கிய உரத்தைத் தொடர்ந்து சேர்ப்பதும், முடிந்தபோதெல்லாம் மழைநீரைச் சேமித்து ஊற்றுவதும்தான்.

செடி தளதளவென்று இருக்கிறது, பூ மட்டும் இல்லை. ஏன்?

பெரும்பாலும் வெளிச்சம் போதவில்லை. இலைகளுக்கு இடையே தண்டு நீண்டு, செடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். மேலே கவியும் கிளைகளில் ஒன்றிரண்டை வெட்டி, காலை வெயிலுக்கு வழிவிடுங்கள். வெளிச்சம் கூடி ஒன்றரை இரண்டு மாதத்தில் கதிர்கள் எழும்பும்.

வெளிச்சம் சரியாக இருந்தும் பூவில்லை என்றால் உரத்தைக் கணக்குப் பாருங்கள். யூரியாவோ தழைச்சத்து மிகுந்த வேறு உரமோ அதிகமானால் செடி இலையாகவே வளரும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செடிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போதும். வளரும் பருவத்தில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, பொட்டலத்தில் சொன்னதில் பாதி அளவுக்கு நீர்த்த சமச்சீர் உரம் கொடுக்கலாம்.

கவாத்து செய்ய வேண்டுமா?

கட்டாயம். புதர்போல் அடர்த்தியாக வேண்டும் என்பவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது. இளஞ்செடி அரையடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். கிளைத்து வரும் நுனிகளையும் இன்னொரு முறை கிள்ளுங்கள். முதல் பூ சில வாரம் தள்ளிப்போகும். ஆனால் ஒரு கதிருக்குப் பதில் எட்டுக் கதிர் கிடைக்கும். மனம் வராமல் கிள்ளத் தயங்குபவர்களை நான் புரிந்துகொள்கிறேன். இருந்தாலும் கிள்ளுங்கள்.

வளர்ந்த செடியில், பூக்கும் வேகம் தணிந்ததும் மூன்றில் ஒரு பங்கு உயரத்தை வெட்டிவிடலாம். வெட்டு ஒரு கணுவுக்குச் சற்று மேலே இருக்கட்டும். கொளுத்தும் கோடையிலும் கடுங்குளிரிலும் வெட்ட வேண்டாம்.

பூவைப் பறிக்கலாமா, செடியிலேயே விட வேண்டுமா?

பறிக்கலாம். ஒரு கதிரில் இரண்டு நாளுக்கு ஒரு முறை புதுப்பூக்கள் விரியும் என்பதால் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிப்பது பொருந்தும். பறித்தபின்னும் நெடுநேரம் வாடாத பூ இது. எது எப்படியானாலும், பூத்து முடிந்த கதிரை மட்டும் காம்போடு கிள்ளிவிடுங்கள். விட்டுவைத்தால் செடியின் சக்தி காய்க்குப் போய், அடுத்த கதிர் தாமதமாகும். விதை வேண்டுமானால் நல்ல கதிர்களாக இரண்டு மூன்றை மட்டும் விட்டுவையுங்கள்.

விதையைச் சேகரிக்க முடியவில்லை. எப்போது பார்த்தாலும் காய் வெடித்துப்போகிறது.

இந்தச் செடியில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான். பல செடிகளின் காய்கள் காய்ந்ததும் வெயிலில் வெடிக்கும். கனகாம்பரக் காயோ நன்றாகக் காய்ந்திருந்து, ஈரம் பட்டதும் வெடிக்கும். மழை பெய்யும் நேரம் பார்த்து விதையை வீசினால் முளைக்க ஈரம் இருக்கும் அல்லவா? மழைத்துளி விழுந்த சற்று நேரத்தில் காய்ந்த கதிர்களிலிருந்து சடசடவென்று ஒலி கேட்கும். ஒரு காய்க்கு நான்கு விதை வரை இருக்கும். தட்டையான விதையின் மேல் உள்ள செதில்கள் நனைந்ததும் வழவழப்பாகி மண்ணில் ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே கதிர் முழுதும் வைக்கோல் நிறமானதும், மழைக்கும் பனிக்கும் முன், உச்சி வெயில் நேரத்தில் வெட்டி எடுங்கள். காகிதப் பையில் போட்டு இரண்டு நாள் உலர விடுங்கள். பிறகு அந்தப் பைக்குள் சில சொட்டு நீரைத் தெளித்து வாயை மூடிவிடுங்கள். காய்கள் பைக்குள்ளேயே வெடித்து விதையைக் கொடுத்துவிடும். உடனே விதைப்பதானால் இந்த முறை சரி. விதையைச் சேமித்து வைப்பதானால் நீர் தெளிக்காமல் காய்களைக் கையால் பிளந்து எடுங்கள்.

புது விதைதான் நன்றாக முளைக்கும். மெல்லிய மண்கலவையின் மேல் பரப்பி, விதை மறையும் அளவுக்கு மட்டும் மூடி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். ஏறத்தாழ இரண்டு மாத நாற்றைப் பிடுங்கி நடலாம்.

குச்சி வைத்து வளர்ப்பது எப்படி?

பூங்கதிர் இல்லாத கிளை நுனியில், மிகவும் இளசாகவும் இல்லாமல் மரமாகவும் முற்றாமல் இருக்கும் பகுதியாக நான்கு அங்குலம் வெட்டுங்கள். அடி இலைகளை நீக்கி, மேலே இரண்டு சோடி விட்டு, அவை பெரிதாக இருந்தால் பாதியாக நறுக்குங்கள். வேரூக்கிப் பொடி இருந்தால் தொட்டுக்கொள்ளலாம், இல்லாமலும் வரும். மணலும் நார்க் கழிவும் சமமாகக் கலந்து நட்டு, ஒளி புகும் பாலித்தீன் உறையால் கவிழ்த்து மூடி, நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் வேர் விடும். இடையில் பிடுங்கிப் பார்க்காதீர்கள். புதுத் தளிர் வந்து, மெல்ல இழுத்தால் பிடிமானம் தெரிந்தால் போதும். பிறகு உறையை ஒரே நாளில் எடுக்காமல் ஒரு வாரத்தில் படிப்படியாகத் திறந்து பழக்குங்கள்.

பூச்சித் தொல்லை?

கணுக்களில் வெள்ளைப் பஞ்சுபோல் ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி. காற்றோட்டமில்லாத நிழலில் அதிகம் வரும். குறைவாக இருந்தால் நீரில் நனைத்த துணியால் துடைத்தே ஒழித்துவிடலாம். அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து, வெயில் இறங்கியபின் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். வாரம் ஒருமுறையாக மூன்று வாரம். எறும்பு வரிசையாக ஏறுகிறதென்றால் எங்கோ மாவுப்பூச்சி இருக்கிறது என்று பொருள். எறும்பைப் பின்தொடர்ந்தால் இடம் தெரிந்துவிடும்.

வறண்ட நாட்களில் இலையில் ஊசிமுனைப் புள்ளிகளும் மெல்லிய வலையும் தெரிந்தால் செம்பேன். இலையின் அடியில் நீரைப் பீய்ச்சிக் கழுவுவதே முதல் மருந்து.

வீட்டுக்குள் வளருமா?

கிழக்குப் பார்த்த சன்னலோரத்தில் வளரும். எட்டு முதல் பத்து அங்குலத் தொட்டி போதும். வீட்டுக்குள் இலை ஓரம் பழுப்பாவதற்குக் காரணம் பெரும்பாலும் உலர்ந்த காற்று. கூழாங்கல் பரப்பிய தட்டில் சிறிது நீர் விட்டு அதன் மேல் தொட்டியை வையுங்கள். தொட்டியின் அடி நீரைத் தொடக் கூடாது. குளிர்சாதனக் காற்று நேராக அடிக்கும் இடம் ஆகாது.

குளிர் மிகுந்த இடத்தில் இருக்கிறேன். எனக்கு இது வருமா?

தரையில் வராது. 15 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றுவிடும். மேலும் குளிர்ந்தால் இலை கருத்து உதிரும். உறைபனியைத் தாங்கவே தாங்காது. தொட்டியில் வைத்து, வெப்பமான மாதங்களில் வெளியே நிழலிலும், இரவுக் குளிர் தொடங்கும் முன் வீட்டுக்குள்ளும் வைத்துக் காப்பாற்றலாம். குளிர்காலத்தில் நீரைக் குறைத்து, உரத்தை நிறுத்திவிட வேண்டும்.

அங்கே தரையில்தான் வேண்டும் என்றால் அசேலியா, கமீலியா போன்றவற்றை நாடுங்கள். அவற்றின் மண் தேவை வேறு. அமிலத்தன்மையுள்ள மண் இல்லாமல் அவை தழைக்கா.

ஒரு செடி எத்தனை ஆண்டு இருக்கும்?

மூன்று நான்கு ஆண்டுகள் நன்றாகப் பூக்கும். அதன்பின் அடித்தண்டு மரமாகி, கீழ்ப்பகுதி மொட்டையாகி, பூ நுனியில் மட்டும் வரத் தொடங்கும். கடுமையாக வெட்டிப் புதுப்பிக்க முயலலாம். சில தளிர்க்கும், சில தளிர்க்காது. அதனால் நான் மூன்றாம் ஆண்டிலேயே ஒவ்வொரு செடியிலிருந்தும் நான்கைந்து குச்சிகள் எடுத்து வைத்துவிடுவேன். பழைய செடியைப் பிடுங்கும் நாளில் அதன் பிள்ளைகள் பக்கத்துத் தொட்டியில் பூத்துக்கொண்டிருக்கும். பிடுங்கிய இடத்தில் உடனே அவற்றை நடாதீர்கள். பழைய வேர்மண்ணை ஓரடி ஆழத்துக்கு எடுத்துவிட்டு, புது மண்ணும் எருவும் வேப்பம் புண்ணாக்கும் நிரப்பி, இரண்டு வாரம் ஈரமாக ஆறவிட்டு, அப்புறம் நடுங்கள்.